குளக்கட்டில் எரிந்த ஊர்

படத்தில் ஊர் எரிய வேண்டும் என்றால் இப்போது தீ மூட்டத் தேவையில்லையாம். உடுப்புப் பகுதியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை அண்மையில் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள். நடிகர்கள் வெறும் வளவுக்குள் ஓடுவார்கள். தீயையும் புகையையும் பிறகு கணினியில் சேர்த்துவிடுவார்கள். "அப்ப உடுப்பை ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?" என்று கேட்டேன். "இல்லை அன்ரி, அப்படியே உடுத்திவிடுறதுதான்" என்றாள். கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவருக்கும் சுடாது. "உங்கட காலத்தில என்னண்டு செய்தனீங்கள்? ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். கன்னியர் மடத்தில் தையல் பழகினேன். எங்கள் கோயிற்பற்றில் கூத்துப் போடும்போது அரசர்களுக்கும் சேனாபதிகளுக்கும் உடுப்புத் தைப்பது எங்கள் வீட்டு வேலை. கொழும்பிலிருந்து ஒரு படக்கம்பனி நெடுங்கேணிப் பக்கம் வந்து சிங்களத்தில் ஒரு சரித்திரப் படம் எடுக்கப்போகிறது, தைக்க ஆள் தேடுகிறார்கள் என்று பங்குச் சுவாமியார் ஐயாவிடம் சொன்னார். அறுபதுகளின் தொடக்கம் அது. கலியாணமாகாத பெண்ணைப் படக்காரர்களோடு அனுப்புவதா என்று அம்மா மறித்தா. அண்ணன் துணைக்கு வருவதென்று முடிவாகி இருவரும் வெளிக்கிட்டோம். நான் பழகியது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஜப்பார் மாஸ்டரிடம் பழகியது.

மாஸ்டர் கொழும்பு கொம்பனித்தெருவைச் சேர்ந்த, மலாய்க்காரர் வழிவந்த மலே மனிதர். நாடகக் கொட்டகைகளுக்குத் தைத்துத் தலை நரைத்தவர். மெலிந்த உடம்பு. வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும், அதனால் முக்கால்வாசி நேரம் தலையசைப்பில்தான் கதை. கழுத்தில் ஒரு நூலில் மண்ணிறக் கண்ணாடித் துண்டொன்று தொங்கும். முதல்நாள் நான் ஆசையாகச் சிவப்புத் துணியையும் பச்சைத் துணியையும் எடுத்து அரசிக்கு என்று வைத்தேன். அவர் அந்தக் கண்ணாடியை என் கையில் தந்து, "இதால பாருங்க புள்ள" என்றார். பார்த்தேன். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. கறுப்பு வெள்ளைப் படத்தில் எங்கள் நிறங்களுக்கு வேலையில்லை என்று அன்று விளங்கியது. வெள்ளைத் துணியோ கமராவில் கண்ணைக் குத்தும். அதைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து மங்கலாக்க வேண்டும்.

பெண்களுக்கு அளவு எடுக்கும்போது மாஸ்டர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். நான் நாடாவைப் பிடித்து அளவைச் சொல்லுவேன்; அவர் கேட்டு எழுதுவார். தைத்து முடிந்ததும் ஆண்களின் உடுப்பு ஒவ்வொன்றையும் தானே உடுத்திப் பார்ப்பார். குந்துவார், எழும்புவார், வரம்பில் நடப்பதுபோல் நடப்பார். எந்த இடத்தில் கசங்குகிறது, எந்த இடத்தில் இழுபடுகிறது என்று பார்த்து அங்கேதான் உடுப்பைப் பழசாக்குவார். முழங்காலில் தேய்ப்பு, இடுப்பில் வியர்வைக் கறை, தோளில் வெயில். "ஒரு ஆள் இதுக்குள்ள சீவிச்சிரிக்கணும்" என்பார்.

படம் போர்த்துக்கேயர் காலத்துக் கதை. குளக்கரை ஊர் ஒன்றைக் கடல் கடந்து வந்த படை எரிக்கிறது. மிஞ்சிய சனம் காட்டுக்குள் போய் ஒரு படையைத் திரட்டுகிறது. நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரம் இருந்த குளமொன்றின் அணைக்கட்டருகே அந்த ஊரைக் கட்டினார்கள். உடுப்புப் பெட்டிகளும் பலகைகளும் புளியங்குளம் ஸ்டேசனுக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து லொறியில் வரும். மண்சுவரும் ஓலைக்கூரையுமாக வீடுகள் எழும்பின. கோட்டை வாசல் மட்டும் சாக்கில் சுண்ணாம்பு பூசியது. முன்னால் பார்த்தால் கருங்கல், பின்னால் போனால் முட்டுக்கொடுத்த தடிகள். பக்கத்து அரசாங்கக் குடியேற்றத்திட்டத்துச் சனம் பின்னேரங்களில் வந்து நின்று பார்த்துவிட்டு, "எங்களுக்குத் தந்த வீட்டை விட உது நல்லாயிருக்கு" என்று சிரிப்பார்கள்.

அவர்கள்தான் ஊர்ச் சனமாக நடிக்க வந்தவர்கள். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர்கள். போர்த்துக்கேயப் படைக்கு எங்கள் கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கடதாசிக் கூழ் அப்பிச் செய்த இரும்புத்தொப்பியைப் போட்டுக்கொண்டு என் அண்ணனும் படையில் சேர்ந்துவிட்டார். கூத்தாடிப் பழகிய கால்கள் சும்மா நடக்காதே. ஊரை எரிக்க வந்த படை தாளம் போட்டுக்கொண்டு வந்தது. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

உடுப்பைப் பழசாக்க எங்கள் கரையில் வலைக்குப் போடும் பனிச்சங்காய்ச் சாயத்தை நான் சொன்னேன். மாஸ்டர் ஆவலோடு ஒரு கிடாரத்தில் காய்ச்சச் சொன்னார். நிறம் அருமையாகப் பிடித்தது. நாற்றமும் பிடித்தது. கதாநாயகனின் தோழனாக நடித்தவர் அந்த வேட்டியோடு ஒரு காலைப்பொழுதைத்தான் தாங்கினார். பிறகு தூரத்தில் நிற்கிறவர்களுக்கு மட்டும் அந்தச் சாயம் என்று தீர்மானித்தோம்.

அதன்பிறகு மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. தைத்த உடுப்புகளைச் சனத்திடமே கொடுத்து, உடுத்திக்கொண்டு வயலில் வேலை செய்யச் சொன்னார். "சமைங்க, புல்லு வெட்டுங்க, மண்ணுல இருங்க. அப்புறம் கொண்டுவந்து தாங்க" என்றார். எல்லோரும் சந்தோசமாகக் கொண்டுபோனார்கள். கொண்டுவரச் சொன்ன அன்று வரிசையாக வந்து தந்தார்கள். ஒவ்வொன்றும் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடித்து இருந்தது.

மாஸ்டர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். "ஏன் புள்ள கழுவினீங்க?" என்று முன்னால் நின்ற பெண்ணைக் கேட்டார்.

"ஆற்றையோ உடுப்பை ஊத்தையா என்னண்டு திருப்பிக் குடுக்கிறது?" என்றா அவா.

மாஸ்டர் ஊசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்தான் பூரணம் அக்கா.

முப்பது வயது தாண்டியிருக்கும். அதிகம் கதைக்கமாட்டா. எல்லாப் பெண்களும் வெக்கைக்குச் சேலைத்தலைப்பால் விசிறிக்கொண்டு இருக்கும்போது, அவா மட்டும் மணிக்கட்டு வரை நீண்ட கைச்சட்டையோடு இருப்பா. சுருட்டிவிடக்கூட மாட்டா.

ஊர்ப் பெண்களுக்கான உடுப்பைச் சொன்ன அன்று பெரிய குழப்பம் வந்தது. அந்தக் காலத்தில் சட்டை இல்லை, மார்புக்கு மேலே குறுக்குக்கட்டு மட்டும்தான் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

"கிணத்தடியில நிக்கிற கோலத்தோட படத்திலையோ? கொழும்பில இருக்கிறவையெல்லாம் பாப்பினமெல்லே!" என்று ஒருத்தி கேட்டாள். பெண்கள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். மாஸ்டர் என்னை அழைத்து, தோளை மூடி ஒரு மேல்துணி போட்டால் சம்மதிப்பார்களா என்று கேட்கச் சொன்னார். இரண்டு பக்கமும் போய்வந்து ஒருவாறு ஒப்பேறியது. கைகள் மட்டும் வெளியே தெரியும். எல்லோரும் சரி என்றார்கள், பூரணம் அக்காவைத் தவிர.

"நான் இந்தச் சட்டையைக் கழட்டேலாது. வேணுமெண்டால் நிக்கிறன், இல்லாட்டிப் போறன்" என்றா.

உதவி இயக்குநர் அவாவை வரிசையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். மாஸ்டர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "பிலோமினா புள்ள, நீங்க உள்ளுக்குக் கூட்டிட்டுப் போய்க் கேளுங்க" என்றார்.

படங்குத் துணி கட்டி மறைத்த உடுப்பறைக்குள் நாங்கள் இருவரும்தான். அவா ஒரு கையின் சட்டையை மேலே இழுத்தா. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை தோல் சுருங்கி, உருகி ஆறிய மெழுகுபோல் இருந்தது. மற்றக் கையும் அப்படித்தான் என்றா.

பிறகு மெதுவாகச் சொன்னா. புருசனுக்குத் தெற்கில் ஒரு கடை. கடைக்குப் பின்னால் வீடு. பாரிசவாதத்தில் படுத்திருந்த தாயையும் தன்னோடு வைத்திருந்தா. ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தில் கடைக்கு நெருப்பு வைத்தார்கள். புருசன் பிள்ளைகள் இருவரையும் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் பாய்ந்துவிட்டார். இவா தாயைத் தூக்கப் போனா.

"கட்டிலைப் பிடிச்சு இழுத்தனான் தங்கச்சி. கூரை விழுந்திட்டுது. பக்கத்து வீட்டுச் சிங்கள மனிசி ஓடிவந்து என்ர தலைமயிரைப் பிடிச்சு இழுத்து வெளியில போட்டவா. அவா இல்லாட்டி நானும் அம்மாவோட போயிருப்பன். நாங்கள் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறும் மட்டும் அவான்ர குசினிக்கைதான் ஒளிச்சிருந்தனாங்கள்."

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டா. நாடாவைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றேன்.

வெளியே வந்து மாஸ்டரிடம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து உதவி இயக்குநரும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இயக்குநரே வந்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. படம் ஒன்றுதான் அவர் கண்ணில் நின்றது. தீப்பிடித்த ஊரைக் காட்டிய பிறகு அந்தக் கைகளைக் கிட்டவாகக் காட்டினால் எப்படியிருக்கும் என்று மாஸ்டரிடம் சிங்களத்தில் ஆர்வமாகச் சொன்னார். மாஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பூரணம் அக்காவிடம் போனார். முன்னால் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிலத்தில் குந்தினார்.

"தங்கச்சி, டிரெக்டர் மாத்தையா ஒண்டு கேக்கச் சொன்னார். நீங்க ஏலாதெண்டா ஏலாதுதான். ஒங்கட கையைப் படத்துல காட்டலாமாண்டு கேக்கிறார்."

"உதைக் காட்டுறதுக்கெண்டால் நான் வரேல்லை ஐயா."

"சரி. அந்தக் கதை முடிஞ்சிது" என்று எழும்பினார். போகும்போது, நெருப்பு வைக்கிற நாளில் அவா வரத் தேவையில்லை, மற்ற நாட்களில் வந்தால் போதும் என்றும் சொன்னார்.

"இல்லை, அண்டைக்கும் வாறன். எல்லாரும் இஞ்ச நிக்கேக்கை நான் மட்டும் வீட்டில இருந்தால் உதைத்தானே நினைச்சுக்கொண்டிருப்பன்" என்றா பூரணம் அக்கா.

மாஸ்டர் அன்றே நீளமான ஒரு துணியை வெட்டி, தோளிலிருந்து இரண்டு கைகளையும் சுற்றி மணிக்கட்டில் முடிகிற மாதிரி ஒரு போர்வை செய்தார். அந்தக் காலத்தில் அப்படி உடுத்தியிருப்பார்களா என்று இயக்குநர் கேட்டதற்கு, "அந்தக் காலத்துலயும் ஆக்களுக்குச் சுட்டிரிக்கும் மாத்தையா. மறைச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க" என்று சொன்னாராம். சிங்களத்தில் சொன்னதை மாஸ்டரே பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்.

தீக்காட்சிக்கு உடுப்பை ஆயத்தம் செய்வது தனி வேலை. படிகாரத்தையும் வெங்காரத்தையும் கொதிநீரில் கரைத்து, துணியை அதில் ஊறவைக்க வேண்டும். பிழியக்கூடாது, வடியவிட்டு நிழலில் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் மரப்பட்டைபோல் விறைத்து நிற்கும். அதைக் கையால் கசக்கிக் கசக்கி இளக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையும் புண்ணாகிவிடும். பிறகு ஒவ்வொரு உடுப்பின் ஓரத்திலிருந்தும் ஒரு நூலிழைத் துண்டை வெட்டி மெழுகுதிரிச் சுவாலையில் பிடிக்க வேண்டும். கறுத்துப் புகைந்து அணைந்தால் சரி. சுவாலை ஏறினால் திரும்பவும் கிடாரத்துக்குள். மாஸ்டர் எல்லா உடுப்பையும் தானே சோதித்தார். இந்த முறை ஒருவரும் கழுவக்கூடாது என்று கெஞ்சிக் கேட்டு, உடுப்புகளை வீட்டுக்கும் கொடுக்கவில்லை.

இன்னொரு வேலையும் எங்கள் தலையில் விழுந்தது. எரிகிற வீடொன்றின் வாசலுக்குள்ளே கைவிடப்பட்ட கிழவி ஒருத்தி கிடக்க வேண்டும். தீ அவளை மூடுவதைக் கமரா பார்க்கும். அதற்கு ஒரு பொம்மை. சாக்குக்குள் வைக்கோலைத் திணித்து, கை கால் பிரித்து, நரைமுடிக்குச் சணலைச் சீவி ஒட்டி, பழஞ்சேலைத் துண்டு உடுத்தினேன். முகம் வேண்டாம், மறுபக்கம் திரும்பித்தான் கிடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நான் முதுகைக் கொஞ்சம் கூனலாக்கிக்கொண்டிருந்தபோது பூரணம் அக்கா வந்து நின்றா.

"உதென்ன தங்கச்சி?"

சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அப்ப உது எரியிறதுக்கோ?"

"ஓம் அக்கா."

பொம்மையின் சேலை காலுக்கு மேலே ஏறியிருந்தது. அவா குனிந்து அதை இழுத்து மூடிவிட்டுப் போனா.

தீ வைத்த நாள் காற்றில்லாத பின்னேரம். குளத்திலிருந்து வாளிகளும் வண்டியில் பீப்பாய்களும் நிரப்பி வைத்திருந்தார்கள். வீடுகளை ஒருமுறைதான் எரிக்கலாம், இரண்டாவது தடவைக்கு ஊர் இல்லை என்று இயக்குநர் எல்லோருக்கும் சொன்னார். மாஸ்டர் பூரணம் அக்காவைத் தீயிலிருந்து ஆகத் தள்ளி, குளக்கட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். தலையில் ஒரு பானையோடு திரும்பிப் பாராமல் குளக்கட்டின்மேல் ஏறிப் போக வேண்டும். அதுதான் அவாவின் வேலை.

கமரா ஓடத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் தாளம் போடாமல் உண்மையாகவே ஓடிவந்து பந்தங்களை எறிந்தார்கள். காய்ந்த ஓலை ஒரு மூச்சில் பற்றியது. சனம் தமிழில் கத்திக்கொண்டு நாலா பக்கமும் ஓடியது. குளக்கட்டில் பானை விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. நான் திரும்பினேன். பூரணம் அக்கா எல்லோருக்கும் எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தா.

நான் "அக்கா!" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. வாளிக்காரர்களைத் தாண்டினா. வாசலுக்கு மேலே கூரை எரிந்துகொண்டிருந்தது. குனிந்து உள்ளே போனா. "அம்மா!" என்று ஒரு குரல். அப்படியொரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மாஸ்டர் ஈரச் சாக்கோடு ஓடினார். அவர் பாதி வழி போகுமுன் பூரணம் அக்கா வெளியே வந்துவிட்டா. அந்தப் பொம்மையை இரண்டு கைகளிலும் ஏந்தி, தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தா. வைக்கோல் பொம்மைக்குப் பாரம் ஏது? ஆனால் ஒரு முழு மனிசியின் பாரத்தோடு, கால்கள் மடிய மடிய நடந்து வந்தா. அவாவின் போர்வை ஓரமெல்லாம் கறுத்துப் புகைந்தது, சுவாலை ஏறவில்லை. பின்னால் கூரை விழுந்தது.

இயக்குநர் கையை உயர்த்தியபடி நின்றார். நிறுத்து என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கமராக்காரர் தன்பாட்டில் அவாவோடு கமராவைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

எங்களிடம் வந்ததும் நிலத்தில் இருந்துவிட்டா. பொம்மையை விடவில்லை. ஒரு சிலர் அதைப் பறிக்கப் போனார்கள். மாஸ்டர் அவர்களை விலக்கிவிட்டு, பக்கத்தில் முழங்காலில் இருந்தார். புகைந்த துணியை ஈரக்கையால் ஒற்றி ஒற்றி அணைத்தார். "தங்கச்சி, வெளியில வந்திட்டீங்க. ஒங்கட அம்மாவும் வந்திட்டாங்க. இப்ப படுக்க வைப்பமா?" என்று கேட்டார்.

அவா தலையசைத்தா. மாஸ்டர் பாய் கேட்டார். நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அவர் பொம்மையின் தலைக்குக் கீழே கை கொடுத்து, நோயாளியைக் கிடத்துவதுபோல் மெதுவாகக் கிடத்தி, தன் தோள்துண்டை எடுத்துப் போர்த்தார். அத்தனை பேர் நின்றும் ஒருவரும் சிரிக்கவில்லை. இயக்குநர் வந்து பக்கத்தில் இருந்தார். தனக்குத் தெரிந்த தமிழில், "மன்னிக்க வேணும் அக்கா" என்றார்.

"பிழையாப் போச்சோ ஐயா? ஊரை ஒருக்காத்தானே எரிக்கலாம் எண்டனீங்கள்" என்றா பூரணம் அக்கா. மாஸ்டர் அதைச் சிங்களத்தில் சொன்னார். இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கைவிடப்பட்ட கிழவியின் காட்சி அத்தோடு கதையிலிருந்து போயிற்று. பொம்மையை எரிக்க வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். வைக்கோலைக் கொட்டிச் சாக்கை மடித்தோம்.

படம் முடிந்ததும் மாஸ்டர் என்னைக் கொழும்புக்கு அழைத்தார். அவருடைய குடும்பத்தோடு தங்கி வேலை செய்தேன். அதன்பிறகு எத்தனையோ அரசர்களை உடுத்திவிட்டேன். மேடை, படம், கடைசியில் தொலைக்காட்சி என்று காலம் போயிற்று. எல்லா இடத்திலும் தீக்காட்சிக்கு முன் ஒவ்வொரு உடுப்பையும் சோதித்தேன்.

அந்தப் படம் வெளிவர நாள் எடுத்தது. சனம் எல்லாம் தமிழில் கத்தியிருந்ததால், கொழும்பில் வேறு ஆட்களைக் கூட்டிவந்து சிங்களத்தில் திரும்பக் கத்தவைத்து ஒலியை மாற்றினார்கள். வவுனியாவில் படம் ஓடியபோது நான் ரயிலேறிப் போனேன். குடியேற்றத்திட்டத்தார் இரண்டு டிராக்டர் பெட்டிகளில் வந்து இறங்கினார்கள். பூரணம் அக்காவும் புருசனும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அவா என் பக்கத்தில் இருந்தா.

படம் தொடங்கியதும் ஒரே சிரிப்பு. எங்கள் மனிதர்கள் வாயைத் திறக்க யாரோ சிங்களத்தில் கதைத்தார்கள். "எட, எங்கட சின்னத்தம்பி சிங்களம் வெளுத்து வாங்கிறான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தீக்காட்சி வந்ததும் தியேட்டர் அடங்கிவிட்டது. புகைக்குள் ஒருத்தி எதிர்ப்பக்கமாக ஓடினாள். "அம்மா!" என்ற குரல் எழுந்தது.

அந்த ஒரு சொல்லை அவர்கள் மாற்றவில்லை. இரண்டு மொழியிலும் அது ஒன்றுதானே. படப்பிடிப்பில் பதிந்ததை அப்படியே விட்டிருந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பி, "பூரணம், உது உன்ர குரலெல்லோ!" என்றாள்.

திரையில் அந்தப் பெண் கிழவியைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு வெளியே வந்தாள். வைக்கோல் என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. கிழவியின் தலை அவள் தோளில் கிடந்தது.

இருட்டில் அவா என் கையைத் தேடிப் பிடித்தா.

"வெளியில கொண்டுவந்திட்டன். பாத்தனீயோ தங்கச்சி?"

"ஓம் அக்கா" என்றேன். "பாத்தனான்."